வட்டி மூன்று கோடி. தாமதம் எத்தனை கோடி?

(புனேயில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மாதம் 'வெளிநாட்டு உதவியும் வளரும் இந்தியாவும்' என்பது பற்றிப் பேசுவது என்று செயற்குழுவில் முடிவு செய்தபோது சிலர் சிரித்தார்கள். "ரயில்வே குமாஸ்தாக்களுக்கும் ஜப்பான்காரன் கொடுக்கிற கடனுக்கும் என்ன சம்பந்தம்? ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிறோம். ரேஷன் கார்டு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இவற்றைப் பேசினால் போதாதா?" என்று கேட்டார்கள்.

சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே. அது இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அதன் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். முளா ஆறும் முட்டா ஆறும் சங்கம்வாடியில் கூடி, முளா-முட்டா என்று பெயர் பெற்று ஓடுகிறதே, அந்த ஆற்றைத்தான் சொல்கிறோம். அந்த ஆற்றைச் சுத்தம் செய்வதற்காக நம் பெயரில், நம் பிள்ளைகளின் பெயரில், ஒரு வெளிநாட்டுக் கடன் வாங்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கை இன்று சேர்ந்து பார்ப்போம்.

2016 ஜனவரி 13-ஆம் நாள் இந்திய அரசுக்கும் ஜப்பான் அரசின் ஒத்துழைப்பு நிறுவனமான ஜைகாவுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கடன் தொகை ஏறத்தாழ 1,906 கோடி யென்; அன்றைய மதிப்பில் சுமார் 1,000 கோடி ரூபாய். வட்டி ஆண்டுக்கு 0.30 சதவீதம். திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள். அதில் முதல் பத்தாண்டு அசலைக் கட்ட வேண்டியதில்லை. திட்டத்தின் மதிப்பீடு 990 கோடியே 26 லட்சம் ரூபாய். அதில் 85 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 15 சதவீதம் புனே மாநகராட்சியின் பங்கு.

இந்தப் பணத்தில் என்ன செய்வதாகச் சொன்னார்கள்? பைரோபா நாலா, நாயுடு மருத்துவமனைப் பகுதி, வடகாவ், வாரஜே, பாணேர், கராடி, முண்ட்வா, தானோரி என்று மொத்தம் 11 இடங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள். அதுவரை நகரத்தில் இருந்த நிலையங்களால் நாளொன்றுக்கு 47 கோடியே 70 லட்சம் லிட்டரைச் சுத்தம் செய்ய முடியும். இவை சேர்ந்தால் இன்னும் 39 கோடியே 60 லட்சம் லிட்டர் கூடும். இவற்றோடு 113 கிலோமீட்டருக்குச் சாக்கடைக் குழாய்கள், 24 பொதுக் கழிப்பிட வளாகங்கள். நல்ல திட்டம். வேண்டிய திட்டம். இதை எதிர்ப்பதற்கு நாம் இங்கே கூடவில்லை.

இந்த விஷயத்தில் நம்மிடையே இரண்டு கட்சி இருப்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டுக் கடன் என்றாலே அடிமைச் சாசனம் என்பது ஒரு கட்சி. ஜப்பான்காரன் நல்லவன், சும்மா கொடுக்கிற மாதிரிக் கொடுக்கிறான், கேள்வி கேட்காதே என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் பேசுகிறார்கள்.

திறந்து பார்ப்போம். 1,000 கோடி முழுவதையும் எடுத்தாலும் 0.30 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய்தான். இதே தொகையை எட்டு சதவீதத்துக்கு உள்நாட்டில் வாங்கினால் ஆண்டுக்கு எண்பது கோடி கட்ட வேண்டும். ஆகவே இது மலிவான கடன்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இது தானமும் அல்ல. யென்னில் வாங்கியதை யென்னில் கட்ட வேண்டும். 1985 செப்டம்பரில் ஐந்து பணக்கார நாடுகள் நியூயார்க்கில் கூடிச் செய்த ஓர் உடன்பாட்டுக்குப் பிறகு, டாலருக்கு 240 என்ற அளவில் இருந்த யென் இரண்டரை ஆண்டுக்குள் 120 அளவுக்கு வந்தது. யென்னில் கடன் வாங்கியிருந்த நாடுகள் வட்டி ஏறாமலே இரட்டைச் சுமை தூக்கின. நாற்பது ஆண்டு என்பது நீண்ட காலம். அதற்குள் எந்த நாணயம் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொடுக்கிறவனுக்கும் இதில் லாபம் உண்டு. நம் ரயில்வேயிலேயே பார்த்திருக்கிறோம். மேற்குச் சரக்கு ரயில் பாதைக்கு ஜப்பான் கடன் கொடுத்தபோது, ஒப்பந்தங்களில் குறைந்தது முப்பது சதவீதம் ஜப்பானியப் பொருளும் சேவையுமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. மும்பை–அகமதாபாத் அதிவேக ரயிலுக்கு 0.1 சதவீத வட்டி, ஐம்பது ஆண்டுத் தவணை என்றார்கள். எந்த நாட்டுத் தொழில்நுட்பம் என்ற பேச்சும் கூடவே வந்தது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இது இரண்டு அரசாங்கங்கள் செய்துகொள்ளும் வியாபாரம். வியாபாரத்தில் நன்றி சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. ரசீதும் வாங்க வேண்டும்.

இனி நம் தொழிலுக்கு வருவோம். குட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு டெமரேஜ் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். வேகன் வந்து நின்றால் சரக்கை இறக்கக் குறிப்பிட்ட நேரம் இலவசமாகக் கொடுப்போம். அந்த நேரம் தாண்டினால் மணிக்கணக்கில் டெமரேஜ் ஏறும். சரக்குக் கட்டணத்துக்காகப் பைசா பைசாவாக வாதாடிய வியாபாரி, கூலி ஆள் கிடைக்காமல், லாரி வராமல், மூன்று நாள் வேகனை நிறுத்தி வைத்துவிட்டுக் கவுண்டரில் வந்து தலையில் கைவைத்து நிற்பதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! கட்டணம் அவனை முழுகடிப்பதில்லை, தாமதம்தான் முழுகடிக்கிறது.

முளா-முட்டா கடனுக்கும் இதே கதைதான். 2016 ஜனவரியில் கையெழுத்து. 2022 ஜனவரியில் வேலை முடிந்துவிடும் என்பது அறிவிப்பு. ஆனால் 2022 மார்ச் 6-ஆம் தேதிதான் பிரதமர் புனேக்கு வந்து அடிக்கல் நாட்டினார். முடிய வேண்டிய ஆண்டில் அடிக்கல்! அன்றைய அரசு அறிவிப்பில் திட்டத்தின் செலவு 1,470 கோடிக்கு மேல் என்று இருந்தது. 990 எங்கே, 1,470 எங்கே? வித்தியாசம் 480 கோடி. இதில் பல ஆண்டுப் பராமரிப்புச் செலவும் சேர்ந்திருக்கிறது என்று பதில் வரலாம். வரட்டும், பிரித்துக் காட்டட்டும். அதில் பாதிதான் தாமதத்தின் விலை என்று வைத்துக்கொண்டாலும் 240 கோடி. ஆண்டுக்கு மூன்று கோடி வட்டி என்றால் இது எண்பது ஆண்டு வட்டி! வட்டி குறைவு என்று மேடைக்கு மேடை பேசியவர்கள் இந்த டெமரேஜைப் பற்றி ஏன் பேசவில்லை?

ரூபாய்க் கணக்கு மட்டுமல்ல, தோழர்களே. அந்த ஆறு வருஷமும் நம் கழிவுநீரில் ஒரு பெரும்பங்கு சுத்தம் செய்யப்படாமலே ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. நாலா ஓரத்துக் குடியிருப்புகளில் கொசுவும் வயிற்றுப்போக்கும் ஒரு நாளும் விடுமுறை எடுக்கவில்லை. 2025 ஜனவரியில் சிங்ககட் சாலைப் பக்கம் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் பரவியது நினைவிருக்கும். கை கால் செயலிழந்து, மூச்சு விட இயந்திரம் வைத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் கிடந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. குடிநீரில் கலந்த மாசுதான் முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. அந்த நோயைத் தனியாக இந்தத் திட்டத்தின் தலையில் நாம் கட்டவில்லை. ஆனால் கழிவுநீரும் குடிநீரும் அடுத்தடுத்து ஓடும் நகரத்தில் சாக்கடைத் திட்டம் ஒரு நாள் தள்ளிப் போனாலும் அதற்கு யாரோ ஒருவர் உடம்பால் விலை கொடுக்கிறார்.

கடன் வாங்குவது அவமானமா என்று கேட்கிறவர்களுக்கு ஜப்பானின் கதையையே சொல்லலாம். இன்று கொடுக்கும் ஜப்பான் அன்று வாங்கிய நாடு. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு அதிவேக ரயில் போட 1961-இல் உலக வங்கியிடம் எட்டுக் கோடி டாலர் கடன் வாங்கியது. 1964 அக்டோபர் 1-இல் ரயில் ஓடியது. 1990-இல் உலக வங்கிக் கடன் முழுவதும் அடைந்தது. நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தப் பாதையின் செலவு மதிப்பீட்டைப் பெரிய அளவில் தாண்டிப்போனது. அதற்குப் பதில் சொல்லும் விதமாக ஜப்பானிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோ 1963-இல் பதவியை விட்டார். தலைமைப் பொறியாளர் ஹிதேயோ ஷிமாவும் போனார். ரயில் ஓடும் நாளில் அவர்கள் பதவியில் இல்லை. செலவு ஏறியதற்கு அங்கே பெரிய நாற்காலிகளே காலியாயின. இங்கே 990 கோடி 1,470 கோடி ஆனதற்கு ஒரு நாற்காலியாவது ஆடியதா?

இந்தியாவும் பழைய இந்தியா அல்ல. ஜப்பான் தன் முதல் யென் கடனைக் கொடுத்ததே 1958-இல் இந்தியாவுக்குத்தான். அன்று அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்தோம். அதே இந்தியா 2004 சுனாமியில் நாகப்பட்டினமும் கடலூரும் அழிந்தபோது பிற அரசாங்கங்களின் நிவாரண உதவி வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்றது. அதே வாரத்தில் இலங்கைக்குக் கப்பல் அனுப்பியது. பிறகு மறுவாழ்வுப் பணிகளுக்கு உலக வங்கியின் கடனை வாங்கவும் செய்தது. பிரிட்டன் 2012-இல் அறிவித்து, 2015-ஓடு தன் நிதி உதவியை நிறுத்திக்கொண்டது. வளர்ந்துவிட்டீர்கள், இனி வியாபாரம் பேசுவோம் என்றார்கள். இப்படி ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கும் நாடாகிவிட்டோம்.

கொடுக்கும் கை எங்கே நீண்டது என்று பார்த்தால், அங்கேயும் நம் ஜனங்கள்தான். இலங்கையில் போரில் பெயர்ந்து போன வடக்குத் தண்டவாளத்தை நம் ரயில்வேயின் இர்கான் நிறுவனம்தான் மறுபடி போட்டது. இந்தியக் கடனில் போட்டது. 2014 அக்டோபர் 13-இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது ரயில்வேக்காரர்களாகிய நமக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்? வீடு இழந்தவர்களுக்கு இந்தியா ஐம்பதாயிரம் வீடுகள் அறிவித்தது. அவற்றில் நாலாயிரம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு. 2017-இல் மேலும் பத்தாயிரம். வீடு நன்கொடை, தண்டவாளம் கடன். இரண்டையும் இங்கே உதவி என்ற ஒரே சொல்லால் சொன்னோம். வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றல்ல. லயத்து அறையில் நூறு வருஷம் கிடந்தவர் கேட்பது என்ன? யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, யார் எழுதினார்கள், வீடு எப்போது முடியும், நிலம் யார் பெயரில் என்றுதான். டில்லியைப் பார்த்து அவர் கேட்க நியாயமிருக்கும் அதே கேள்விகளை டோக்கியோவையும் டில்லியையும் புனே மாநகராட்சியையும் பார்த்து நாம் கேட்கிறோம்.

கட்டடம் எழும்பிவிட்டால் ஆறு சுத்தமாகிவிடும் என்று நம்பவும் கூடாது. யமுனை ஆற்றுக்கும் ஜப்பான்தான் கடன் கொடுத்தது. 1993-இல் வேலை தொடங்கியது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று மூன்று தடவை கடன். ஆனாலும் டில்லியில் சாத் பூஜைக்கு நீரில் இறங்கும் பெண்கள் வெள்ளை நுரைக்கு நடுவே நிற்பதைப் படத்தில் பார்த்திருக்கிறோம். காரணம் என்ன? நிலையம் ஓரிடத்தில் இருக்கும். குடிசைப் பகுதியின் சாக்கடை அந்த நிலையத்துக்குப் போகும் குழாயோடு சேர்ந்திருக்காது. இயந்திரம் இருக்கும், அதை முழு அளவில் ஓட்ட வழி இருக்காது. கடனில் கட்டியது நின்றுகொண்டிருக்கும், கழிவு பழைய வழியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே நம் சங்கம் இந்த மாதமே ஒரு மனு கொடுக்க வேண்டும் என்று செயற்குழு சிபாரிசு செய்கிறது. அதில் நான்கு கேள்விகள்.

முதலாவது, 990 கோடி 1,470 கோடி ஆனதன் விவரம். கட்டுமானம் எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு, தாமதத்தால் ஏறியது எவ்வளவு? ஏறியதை யார் கட்டுவது? வீட்டு வரியிலும் தண்ணீர் வரியிலும் அது நம் தலையில் வந்து விழுமா?

இரண்டாவது, 24 பொதுக் கழிப்பிட வளாகங்களும் எந்தெந்த இடத்தில்? நாலா ஓரத்தில் ஐம்பது குடும்பத்துக்கு இரண்டு கழிப்பறை என்று காலையில் வரிசையில் நிற்கும் தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். 24-இல் ஒன்று அவர்களுக்கு உண்டா?

மூன்றாவது, குடிசைப் பகுதிச் சாக்கடைகள் புதிய குழாயோடு எந்தத் தேதிக்குள் சேரும்? குழாய் போடக் குடிசையை அகற்ற வேண்டுமென்றால், முன்கூட்டிச் சொல்லி, மாற்று இடம் கொடுத்த பிறகா, முன்பா?

நான்காவது, இந்த நிலையங்களிலும் குழாய்களிலும் வேலை செய்யப்போகிறவர்கள் யார்? காண்டிராக்ட் கூலிகளா? சாக்கடைக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் சொன்ன சுப்ரீம் கோர்ட், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டியிருந்தது என்றால், இறப்பு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? உள்ளே இறங்குகிறவர் மராட்டியரா தமிழரா என்று விஷவாயு கேட்பதில்லை. ஜப்பான் கடனில் ஓடும் நிலையத்தில் ஒருவர்கூட இப்படிச் சாகக் கூடாது என்று எழுத்தில் உறுதி வேண்டும்.

இந்த நான்கையும் வாய்மொழியாக ஓர் அலுவலகத்தில் நம் தோழர்கள் கேட்டுப் பார்த்தார்கள். "இது மத்திய அரசு விஷயம்" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் "இது மாநகராட்சி விஷயம்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் "இது ஜப்பான் விஷயம்" என்று சிரித்தார்கள். பார்சல் ஆபீஸில் தொலைந்த மூட்டைக்கு அலைகிறவனைப் போல் அலைந்தோம். ஆனால் மூட்டைக்கு ரசீது இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மத்திய அரசையும் மாநகராட்சியையும் எழுத்தில் கேட்கலாம். ஜப்பான் பக்கமும் ஒரு கதவு உண்டு. ஜைகா 2010-இல் வகுத்த சுற்றுச்சூழல், சமூக நெறிகள் மீறப்பட்டு அதனால் பாதிப்பு ஏற்பட்டாலோ, ஏற்படும் என்றாலோ, அந்த நாட்டில் வசிக்கும் இரண்டு பேர் சேர்ந்து ஆட்சேபம் கொடுக்கலாம். முதலில் திட்டத்தை நடத்துகிறவர்களோடு பேசிப் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் முதலில் மனு என்கிறோம். மந்திரி வேண்டாம், எம்.எல்.ஏ. வேண்டாம், இரண்டு பேர் போதும். இந்த மண்டபத்தில் நாற்காலி போதாமல் நிற்கிறவர்களே அதைவிட அதிகம்.

கடைசியாக ஒன்று. வந்த ஊரில் நமக்கேன் இந்த வம்பு என்ற பழைய கேள்வி. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் தேஹூ ரோடு டிப்போவுக்கும் ரயில்வேக்கும் என்று நம் பெரியவர்கள் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறோம். இந்த ஊர்ச் சாக்கடைக்கு நம் பங்கையும் கொடுக்கிறோம். வரி கட்டும்போது வந்தவர் நின்றவர் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அந்த ஆறு எங்கே போகிறது என்றும் பாருங்கள். முளா-முட்டா பீமாவில் சேருகிறது. பீமா உஜனி அணையை நிரப்பி, பண்டரிபுரத்தில் சந்திரபாகா என்ற பெயரில் வாரகரி பக்தர்கள் முழுகும் நீராகி, கர்நாடகத்தில் கிருஷ்ணாவோடு கலக்கிறது. கிருஷ்ணா ஸ்ரீசைலம் போகிறது. ஸ்ரீசைலத்திலிருந்து தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியாகப் பூண்டி ஏரிக்கு, சென்னைக்கு வருகிறது. சென்னைக் குடிநீருக்கென்று தன் கிருஷ்ணாப் பங்கில் ஐந்து டி.எம்.சி. விட்டுக்கொடுக்க மகாராஷ்டிரமும் 1976-இல் ஒப்புக்கொண்டது. வழியில் எத்தனையோ அணை, எத்தனையோ மழைநீர் சேர்ந்து அந்தத் தண்ணீர் மாறிவிடும் என்பது உண்மை. ஆனாலும் சென்னையில் குடமெடுத்து நிற்கும் நம் அக்கா தங்கைகளுக்கும் பண்டரிபுரம் போகும் பக்கத்து வீட்டு மராட்டியப் பாட்டிக்கும் மேல்மடையில் குடியிருக்கிறவர்கள் நாம். இந்த மனுவில் அந்தப் பாட்டியின் கையெழுத்தையும் வாங்க வேண்டும். மனு தமிழில் மட்டும் இருந்தால் பயனில்லை. மராட்டியில் எழுதி, மராட்டியத் தோழர்களோடு சேர்ந்து கொடுக்க வேண்டும்.

கடனின் கடைசித் தவணையைக் கட்டும்போது இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இருக்க மாட்டோம். அதைக் கட்டப்போகிறவர்கள் பின்வரிசையில் சத்தம் போட்டு விளையாடும் இந்தப் பிள்ளைகள். "அப்பா, நாங்கள் கட்டுகிறோமே, ஆறு எங்கே?" என்று அவர்கள் கேட்டால், கையைக் காட்ட நம்மிடம் ஓர் ஆறு இருக்க வேண்டும்.

மனு அந்த மேஜைமேல் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு மை டப்பா வைத்திருக்கிறோம்.